தியான சாலையும் தாய்லாந்துக் கட்டட மரபும்

(குடமுழுக்கு விழாவின் மூன்றாம் நாள் மாலை, கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடியேனுக்கு இன்று பேசுமாறு பணிக்கப்பெற்ற பொருள் பிறநாட்டுப் பௌத்தர்கள் அமைக்கும் தியான சாலையைப் பற்றியது. அழைப்பிதழிற் கண்ட அன்பர் சிலர், சிவாலயத்து விழாவில் பௌத்தர் கட்டடத்துக்கு என்ன வேலை என்று அடியேனையே வினவினர். வினா நேரியதுதான். அதற்கு விடை கூறவல்லவர் அடியேன் அல்லேன். தஞ்சையிற் பெருவுடையார்க்குக் கற்றளி எடுப்பித்த முதலாம் இராசராச சோழரே. கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தவர் அவர். அவ்வறக்கொடையைச் செப்பேடு இன்றும் பேசுகின்றது. சிவபத்தியிற் சிறிதும் குறையாத அப்பேரரசர் பிறர் பள்ளிக்கு ஊரே ஈந்தார் எனின், நாம் ஒரு மாலைப்பொழுதை ஈவது பெரிதாகாது. அன்றியும், திருப்பணிக்குப் பொருள் உதவிய பெருமக்கள் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றீர்கள். கட்டுவிப்போர் உள்ளத்தில் எழும் ஐயங்கள் எந்நாட்டிலும் ஒன்றே என்பதை அடியேன் அங்கே நேரிற் கண்டேன்.

அடியேன் அந்நாடு சென்றது 2014ஆம் ஆண்டு சனவரித் திங்களில். பாங்காக் மாநகரில், 1784ஆம் ஆண்டில் அமைந்த தேவஸ்தானம் என்னும் கோயில் ஒன்று உண்டு. அங்குள்ள அந்தணர் ஆண்டுதோறும் 'திரியம்பாவாய்' என்னும் விழா எடுப்பர். திருவெம்பாவை திருப்பாவை என்னும் பெயர்களே அவ்வாறு திரிந்து வழங்குகின்றன என்பதை நம்மவர் பலர் அறிவர். அவ்விழாவுக்கென நிறுத்திய செந்நிறப் பேரூசல் இன்றும் வாட் சுதாத் என்னும் பௌத்தப் பள்ளியின் முன்னர் நிற்கின்றது. ஊசலாடும் வழக்கம் மட்டும் 1935ஆம் ஆண்டோடு நின்றது. மாணிக்கவாசகப் பெருமானின் திருவாக்கைக் கடல்கடந்த நாட்டிற் கேட்கும் வேட்கையாற் சென்றேன். கேட்டேன். முதலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிற நாவிற் பல நூற்றாண்டு கிடந்த ஒலி அது. நெடுநேரம் செவிசாய்த்த பின்னரே ஏதோ ஓர் இழுப்பில் பழகிய சாயல் தோன்றிற்று. அவ்வனுபவம் தனியே பேசத்தக்கது. இன்று அதனை விடுத்து மேலே செல்கின்றேன்.

அந்நகரில் தொழில் புரியும் என் பழைய மாணாக்கர் மகன் ஒருவர் அடியேனைத் தம் இல்லத்தில் இருத்திப் பேணினார். "ஐயா, நகருக்கு வெளியே ஒரு தியானப் பள்ளி உண்டு, முதியதோர் துறவி இருக்கின்றார், வாருங்கள்" என்று அழைத்துச் சென்றார். பள்ளியின் பெயர் நமக்கு வேண்டா. அங்கே சில ஆண்டுகட்கு முன்னர்ப் பெரும்பொருட் செலவிற் கட்டிய புதிய மண்டபம் ஒன்று இருந்தது. மேற்கே ஓர் ஏரி. ஏரியின் எழிலைக் காணவேண்டும் என்று மேலைச்சுவர் முழுதையும் கண்ணாடியால் அமைத்திருந்தனர். தரையெல்லாம் பளிங்கு. கூரையின் முகப்பில் பொன்வண்ண அணிகள். புத்தர் படிமத்தை மரபு வழுவாது மேற்கில் வைத்துக் கிழக்கு நோக்கச் செய்திருந்தனர்.

மாலை நான்கு மணிக்கு நாங்கள் அமர்ந்தோம். சாய்ந்த கதிரவன் கண்ணாடி வழியே நேரே எங்கள் கண்ணிற் பாய்ந்தான். புத்தர் திருமேனி ஒளிக்கு முன் நின்றமையால் வெறும் கருநிழலாயிற்று. அருள்பொழியும் அம்முகத்தைக் காணவே இயலவில்லை. வெப்பத்தைத் தணிக்கக் குளிர்காற்றுப் பொறிகளை முடுக்கினர். அவை வண்டினம்போல் ஒரே சுருதியில் முரன்றன. யாரோ இருமினார், அவ்விருமல் பளிங்கிலும் கண்ணாடியிலும் மோதி நாற்புறமும் திரும்பி வந்தது. ஒருவர் பாயை நகர்த்தினால் அனைவர்க்கும் கேட்டது. அரைமணி கழிந்ததும் முதிய துறவியார் ஒன்றும் கூறாது எழுந்து, அருகே மரத்தடியில் இருந்த பழைய மரச்சாலைக்கு நடந்தார். அனைவரும் பின்தொடர்ந்தோம். நாள்தோறும் இவ்வாறே நடக்கின்றது என்று பின்னர் அறிந்தேன். முந்நூறு பேர் அமரும் மண்டபம் வெறுமையாய்க் கிடக்க, முப்பது பேர்க்கு அமைந்த சாலையில் அறுபது பேர் நெருங்கி அமர்வர்.

அப்பழைய சாலையிற் சுவரே இல்லை. மண்ணிலிருந்து மார்பளவு உயர்ந்த மரத்தளம், சுற்றிலும் தூண்கள், மேலே செங்குத்தாய் எழுந்து, பின் தாழ இறங்கி வந்த ஓட்டுக்கூரை. இறவாரம் எவ்வளவு தாழ்ந்திருந்தது எனின், அமர்ந்தவர் கண்ணுக்கு வானம் தெரியாது. எதிரே உள்ள தரையும் மரத்தின் அடியும் மட்டுமே தெரியும். ஒளி மண்ணிற் பட்டுக் கீழிருந்து மெல்ல உள்ளே வந்தது. அந்த ஒளியிற் கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. காற்று தளத்தின் இடுக்குகள் வழியாகவும் வந்தது. பேசினால் ஒலி எதிரொலிக்காது மரத்தில் அடங்கிற்று. அவ்விடத்தை அந்நாட்டார் 'சாலா' என்கின்றனர். அறச்சாலை, பாடசாலை என்று நாம் வழங்கும் சாலையே அது. வழிப்போக்கர் தங்குதற்கும், ஊரார் கூடுதற்கும், துறவிகள் அறவுரை கேட்பித்தற்கும் அந்நாட்டில் தொன்றுதொட்டு உள்ள எளிய கட்டடம்.

இங்கே ஒரு வேறுபாட்டை அன்பர்கள் மனங்கொள்ள வேண்டும். தாய்லாந்துப் பௌத்தப் பள்ளி ஒன்றனுள் பலவகைக் கட்டடங்கள் உண்டு. துறவிகள் தம் சங்கத்துக்குரிய வினைகளைச் செய்வதும், புதியோர்க்குத் துறவு அளிப்பதும் உபோசதம் என்னும் கட்டடத்தில். மக்கள் வழிபடும் படிமங்கள் பெரும்பாலும் விகாரத்தில் இருக்கும். திருவெச்சங்களை உட்கொண்டு எழுவது சேதியம். சாலை இவற்றுள் சேர்ந்ததன்று; தாழ்ந்ததும் அன்று; அதன் தொழில் வேறு. உபோசதத்தைச் சுற்றி எண்டிசையிலும் சீமைக்கற்கள் நிறுவுவர். அக்கற்களின் கீழே எட்டும், கட்டடத்தின் நடுவே ஒன்றுமாக ஒன்பது உருண்டைக் கற்களை மண்ணுள் இறக்குவது அவர்கட்குப் பெருவிழா. நம் கும்பாபிடேகத்துக்குத் திரளுமாப்போலே மக்கள் திரள்வர். கல்லின்மேற் பொற்றகடு ஒட்டுவர். ஊசியும் நூலும் ஏடும் எழுதுகோலும் குழியில் இடுவர். மதிநுட்பம் பெருக வேண்டும் என்பது அவர்தம் விழைவு. சீமை என்பது அவர்கள் விநய நூல் விதித்த எல்லை. அவ்வெல்லையுள் நிகழ்ந்தாலன்றித் துறவளித்தல் முதலிய சங்க வினைகள் செல்லா. ஆதலின் சீமைக்கல் ஓர் அணி அன்று. அது ஓர் ஆணை. நம் ஆலயத்துப் பலிபீடத்தை எடுத்துச்சென்று ஒருவர் தம் இல்லத்து முற்றத்தில் அழகுக்காக வைத்தால் எவ்வாறு இருக்கும்? சீமைக்கல்லைத் தியான மண்டபத்துக்கு அலங்காரமாக நாட்டுவதும் அத்தகையதே.

இனி அவர்தம் பெருங்கட்டடங்களின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். நம் விமானம் கல்லின் பெருமை. அவர்கள் உபோசதம் கூரையின் பெருமை. மழை மிக்க நாடு ஆதலின் கூரை செங்குத்தாக எழவேண்டும். நீண்ட கட்டடத்துக்கு ஒரே கூரை வேய்ந்தாற் கண்ணுக்குச் சுமையாகும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிரித்து வேய்ந்தனர். முக்கோண முகப்பின் விளிம்புகளில் நாகம் நெளிந்து இறங்கும். உச்சியிற் கூர்ந்து வானை நோக்கி எழும் அணிக்குச் 'சோ ஃபா' என்று பெயர். நம் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் சோபா அன்று. வானத்துக் குஞ்சம் என்பது அதன் பொருள். அது கருடனின் தலை என்பார் பலர். சுவர்களும் தூண்களும் நேர்நிலையாய் நில்லாது மேலே செல்லச்செல்லச் சிறிது உட்சாய்ந்து குறுகும். பெருங்கட்டடம் மண்ணின்மேற் கனமாய் அழுந்தாது, எழுவதுபோலத் தோன்றுதற்கு அச்சாய்வே காரணம். அயுத்தயா அரசு 1350 முதல் 1767 வரை நிலவிற்று. அக்காலத்துக் கட்டடங்கள் சிலவற்றின் அதிட்டானம் நடுவிற் சிறிது தாழ்ந்து இரு முனையிலும் உயர்ந்து, மரக்கலத்தின் அடிபோல் வளைந்திருக்கும். பிறவிக்கடலைக் கடத்தும் கலம் என்று அதற்குப் பொருள் உரைப்பர். சீகாழித் தோணியப்பரை வணங்கும் நமக்கு அக்கருத்துப் புதிதன்று.

ஆயினும், அடியேன் உள்ளத்தைக் கவர்ந்தது இவ்வணிகள் அல்ல. பிட்சனுலோக் நகரத்து விகாரத்தின் இருள். அங்குள்ள புத்தச் சினராசர் திருமேனி அந்நாட்டார் பெரிதும் போற்றுவது. கூரையின் இருபுறமும் மிகத் தாழ இறங்குகின்றது. பக்கச் சுவர்கள் குட்டையானவை. அவற்றில் பெருஞ்சாளரம் இல்லை, கீற்றுப்போன்ற ஒளித்துளைகளே உண்டு. முத்துச்சிப்பி பதித்த வாயிற்கதவு 1756ஆம் ஆண்டில் போரோமகோட் மன்னர் அளித்தது. அவ்வாயிலைக் கடந்தவுடன் முதலிற் கண் ஒன்றும் காணாது. பின்னர் இருட்டினின்று பொன்னொளி மெல்லப் புறப்படும். நம் கருவறை முன் நின்று தீபாராதனைக்குக் காத்திருப்போர்க்கு இது சொல்லாமலே விளங்கும். ஒளியை மிகுத்தால் அருள் மிகும் என்று இக்காலத்தார் கருதி, கருவறை வாயிலில் மின்விளக்கை மாட்டுகின்றனர். எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன்; யாரும் மேலே பார்க்க வேண்டா.

பழைமையைப் போற்றுவது வேறு, அதனைப் படி எடுப்பது வேறு. இதனை நன்குணர்ந்தவர் நரிசரானுவத்திவோங் என்னும் அரசகுமாரர். சூலலங்கோன் மன்னர் விருப்பின்படி 1899ஆம் ஆண்டில் தொடங்கிய வாட் பெஞ்சமபோபித் உபோசதத்தை வரைந்தவர் அவரே. மரமும் சுண்ணச்சாந்தும் வழங்கிய இடத்தில் இத்தாலி நாட்டுக் கராரா வெண்பளிங்கை வருவித்தனர். சாளரங்களில் வண்ணக்கண்ணாடி பதித்தனர். பொருள் அனைத்தும் புதிது. ஆயினும் அளவு பழையது. கூரை அடுக்கு பழையது. உள்ளே இருக்கும் படிமம் பிட்சனுலோக்கு மூர்த்தியின் படி. காண்போர் எவரும் அதனை அயல்நாட்டுக் கட்டடம் என்னார். இக்காலத்திற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். அளவைக் கைவிட்டு, அணியை மட்டும் சிமெந்தில் வார்த்து ஒட்டுகின்றனர். பெட்டிபோன்ற மண்டபம் ஒன்று கட்டி, உச்சியிற் சோ ஃபா ஒன்றைச் செருகினால் அது தாய்லாந்து மரபு ஆகிவிடுமா? பொம்மைகளை வரிசையாக ஏற்றிவிட்டால் கோபுரம் ஆகிவிடும் என்று நம்மவர் சிலர் கருதுவது போன்றதே அதுவும்.

பிற்காலத்தில் இவ்வழியில் நின்றவர் பூமிபால் மன்னர். 1990களில் பாங்காக்கில் எழுந்த ஒன்பதாம் இராமர் பெயர்கொண்ட பள்ளிக்கு முதலில் விரிவான திட்டம் வரைந்தனர். மன்னர் அதனைச் சுருக்கச் செய்தார். சிறியதாகவும் சிக்கனமாகவும் இருக்கவேண்டும் என்றார். ஆவுத் ஙேர்ன்சுக்ளின் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த அவ்வுபோசதம் வெண்மையாய், அணி குறைந்து, அடக்கமாய் நிற்கின்றது. கூரையின் வடிவும் சுவரின் சாய்வும் மட்டும் பேசுகின்றன. நாட்டை ஆளும் மன்னர்க்கே சிறிதாகக் கட்டுவது இழுக்கன்று எனின், ஏனையோர் அஞ்சுவானேன்?

இதனினும் ஒருபடி மேற்சென்றவர் புத்ததாசர் என்னும் துறவியார். 1906இல் தோன்றி 1993இல் மறைந்தவர். 1932ஆம் ஆண்டில் தென்பகுதியிலுள்ள சையா என்னும் ஊரருகே அவர் தொடங்கிய பள்ளிக்குச் சுவன் மொக் என்று பெயர். மொக் என்பது நம் மோட்சமே. சையா ஸ்ரீவிசய அரசோடு தொடர்புடைய பழம்பதி. நாகைச் சூளாமணி விகாரத்தை எடுப்பித்த மரபினரின் அரசு அது. அப்பள்ளியின் உபோசதம் ஒரு குன்றின் உச்சியில் உள்ளது. சுவரும் கூரையும் அதற்கு இல்லை. மரங்களே தூண், வானே கூரை. அடிவாரத்தில் மணற்பரப்பில் அமர்ந்து அறவுரை கேட்கின்றனர். இவ்வாறு செய்யின் கட்டடக் கலைஞர்க்கு வேலை இல்லையே என்று யாரேனும் நகைக்கலாம். உண்மையில், எங்கே கட்டாது விடவேண்டும் என்று அறிவதே அக்கலையின் அரிய பகுதி.

மீண்டும் அம்மரத்தடிக்கு வருவோம். கண்ணாடி மண்டபத்தால் பயனின்மை கண்ட பள்ளியார், பழைய சாலையருகே புதியதொன்று கட்டக் கருதி, இளைஞராகிய கட்டடக் கலைஞர் ஒருவரை அமர்த்தியிருந்தனர். யாங்கள் சென்ற அன்று அவரும் வரைபடச் சுருளோடு வந்திருந்தார். விரித்துக் காட்டினார். முன்னைத் தவற்றுக்கு அஞ்சி அவர் மறுகோடிக்குப் போயிருந்தார்: மூவடுக்குக் கூரை, நாக விளிம்பு, சோ ஃபா, சுற்றிலும் எட்டுச் சீமைக்கல் வடிவங்கள். அச்சில் வார்த்தாற்போன்ற உபோசதம். முதிய துறவியார் படத்தைப் பார்த்துப் புன்னகைத்தார், பின்பு அடியேன் பக்கம் திரும்பி, "ஆச்சான் என்ன நினைக்கின்றார்?" என்று வினவினார். ஆசிரியரை அவர்கள் ஆச்சான் என்றே அழைக்கின்றனர்; நம் பழைய வழக்கும் அதுவே. அவ்வொரு சொல்லில் மயங்கி அடியேன் வாய்திறந்தேன்.

"உபோசதம் சங்கத்துக்கு உரியது, நீங்கள் கட்டுவது இல்லறத்தாரும் வந்து அமரும் சாலை. இதன் தாய் உபோசதம் அன்று; இதோ நாம் அமர்ந்திருக்கும் இச்சாலையும், உங்கள் ஊர் மரவீடுமே" என்றேன். இளைஞர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர் வரைபடத்தைச் சுருட்டிவைத்து, வெறுந்தாளொன்றை விரித்தார். அன்று மாலை இருட்டும்வரை அவர் வரைந்ததும் அடியேன் வினவியதுமாகக் கழிந்தது. கற்றுக்கொண்டவன் அடியேனே.

நடுத் தாய்லாந்தின் பழைய மரவீட்டில் அறை சிறிது. திறந்த தளமும் தாழ்வாரமுமே பெரிது. அறையினின்று தாழ்வாரம் ஏறக்குறைய நாற்பது சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். தாழ்வாரத்தினின்று வெளித்தளம் மேலும் அவ்வளவு தாழும். அத்தாழ்வின் இடைவெளி வழியே அடியிலிருந்து காற்று மேலெழும். அவ்விளிம்பிற் கால்தொங்கவிட்டு அமரலாம். நம் திண்ணையின் இன்பம் அது. இளைஞர் இதனை எடுத்தாண்டார். வெளித்தளம் வந்தோர் செருப்பைக் கழற்றிப் பேச்சை நிறுத்தும் இடம். தாழ்வாரம் முதுகு நோவு உடையோரும் முதியோரும் சாய்ந்தமர்ந்து கேட்கும் இடம். உட்டளம் அசைவற்று அமரும் இடம். மூன்று படிகளில் ஒலி தானே அடங்கும். கதவிற் 'பேசாதீர்' என்று பலகை மாட்ட வேண்டுவதில்லை.

நீளவாட்டைக் கிழக்கு மேற்காக வைத்தார். பழைய உபோசதங்கள் பெரும்பாலும் அவ்வாறே கிடப்பதன் காரணத்தையும் சொன்னார். புத்தர் கிழக்கு நோக்கி அமர்ந்து மெய்யுணர்ந்தார் என்பது சமயக் காரணம். காலை மாலைத் தாழ்கதிர் குறுகிய முகப்பில் மட்டும் படும், நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்குமாய் இருந்து பருவக்காற்றை ஏற்கும் என்பது வாழ்க்கைக் காரணம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையன்று. பிட்சனுலோக்கு விகாரம் நான் ஆற்றை நோக்கி மேற்கே திரும்பியிருப்பதை அடியேன் எடுத்துக்காட்டியபோது, "ஆறு இருந்தால் ஆற்றைக் கேட்கவேண்டும்" என்றார். இங்கே ஏரி இருந்தது. ஆனால் தியானிப்போர்க்கு ஏரி வேண்டா என்று முடிவு செய்தோம். மேலைச்சுவர் மட்டும் கட்டிச்சுவராய், தடித்து, வெண்சுதை பூசி நிற்கும். படிமம் அதன்முன் அமரும். கூரை முகட்டருகே மறைவான இடைவெளி வழியே மேலொளி சிறிது சுவரில் வழியும். மற்ற மூன்று பக்கமும் திறப்பு. மழைக்காலத்துக்கு மட்டும் மரத்தட்டிகள். ஏரியைக் காண விழைவோர் தியானம் முடிந்து வெளியே வந்து காணட்டும்.

தூண்கள் உட்சாயும். இறவாரம் பழைய சாலையின் அளவே தாழும்; அதனை அளந்து குறித்துக்கொண்டார். தரை பளிங்கன்று, மரப்பலகை, மேலே பாய். கூரை சுட்ட மண்ணோடு. அதன்கீழ் மரப்பலகை வேய்ந்து மழையோசையைத் தணிப்பது. அருகே மரநிழலிற் கிழக்கு மேற்காக இருபத்தைந்தடி எடுத்து நடக்கத்தக்க நடைபாதைகள்; அமர்ந்து தியானிப்பதுபோல நடந்து தியானிப்பதும் அவர்கள் முறை. ஒருவர் அமர நான்கடிச் சதுரம் வேண்டும் என்று கணக்கிட்டார். நூறுபேர்க்கு மேல் இடம் வேண்டா என்றார் துறவியார். ஒரே இடர் மரம். 1989ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதலைத் தடை செய்தது. அது முதல் நல்ல தேக்குக் கிடைப்பது அரிது. பயிரிட்ட மரமும், பிரித்தெடுத்த பழவீட்டு மரமுமே கதி. தாய்லாந்து மரவீடு சுவர்ப்பலகைகளைத் தனித்தனியே செய்து கோத்துக் கட்டுவது ஆதலின், பிரித்து வேறிடத்தில் நிறுத்தல் எளிது. பாங்காக்கில் சிம் தாம்சன் என்பவர் 1959ஆம் ஆண்டில் பழவீடுகள் ஆறனை இணைத்து அமைத்த இல்லத்தை இன்றும் காணலாம். மரம் போதாத இடத்தில் இரும்புத் தூணும் வைக்கலாம். ஆனால் அதனை மரம்போல் வண்ணம் தீட்டி ஏமாற்றலாகாது என்பதில் இளைஞர் உறுதியாயிருந்தார். அவரை அடியேன் அப்பொழுதே மெச்சினேன்.

எல்லாம் இனிது முடிந்தது என்று எண்ணிய வேளையில், தூணருகே அதுகாறும் வாய்வாளாது அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் எழுந்து வெளித்தளத்துக்குச் சென்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மாணாக்கர் மகன் சென்று வினவி வந்து காதிற் கூறியதைக் கேட்டு அடியேன் தலைகுனிந்தேன். பழ வாணிகம் செய்து ஆண்டுக்கணக்கிற் சிறுகச்சிறுகச் சேர்த்த பொருளை அவ்வம்மையார் அந்தச் சோ ஃபாவுக்கென்றே வைத்திருந்தார். கட்டட உச்சியில் அவ்வணியை ஏற்றுவது அங்கே தனியொரு சடங்கு. கயிற்றைப் பற்றி அதனை மேலேற்றும் பேறு கொடையாளர்க்கு உரியது. நாம் கலசம் வைப்பதுபோல. அவர் அன்னையார் தம் ஊர்ப்பள்ளியில் அவ்வாறு கயிறு பிடித்தவராம். மகளுக்கும் அப்பேறு வாய்க்கும் என்று காத்திருந்தவரிடம், கடல்கடந்து வந்த கிழவன் ஒருவன் ஒரே வாக்கியத்தில் அதனைப் பறித்துவிட்டான்.

கட்டடக்கலையில் அடியேன் கூறியது சரியே. இன்றும் அதனை மாற்றேன். ஆயினும், கொடுப்பவர் நெஞ்சில் அவ்வணி எங்கே இருக்கின்றது என்று வினவாமல் அதனை அகற்றச் சொன்னது பிழை. அடியேன் எழுந்து சென்று அம்மையார் அருகே அமர்ந்து, அறியாது பேசினேன், பொறுத்தருள வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கூறினேன். அவர் கைகூப்பி, "ஆச்சான் சொன்னது எனக்கும் விளங்குகின்றது. சாலைக்கு அது வேண்டா. ஆனால் உச்சி இல்லாத கட்டடத்தில் நான் எதைப் பிடித்து ஏற்றுவேன்?" என்றார்.

ஓட்டின் உட்புறத்தே பெயர் எழுதிக் கொடுக்கலாமே என்றார் அருகிருந்தவர். அந்நாட்டில் அதுவும் வழக்கமே. அம்மையார் தலையசைத்து மறுத்தார். அப்பொழுது இளைஞர் ஒன்று நினைவூட்டினார். வீடு கட்டுங்கால் முதற்றூணை நிறுத்துவதற்கு அவர்களிடம் ஒரு சடங்கு உண்டு. அத்தூணை ஏகம் என்ப. அடுத்ததனை இரண்டாவது என்பர். ஏகத் தூணுக்குத் துணிகட்டி, பூவும் பழமும் சார்த்தி, நல்ல வேளையில் உறவினர் கூடி எழுப்புவர். "இது வீட்டின் வழிவந்த சாலை எனின், முதலில் எழவேண்டியது உச்சி அன்று, தூண்" என்றார். அம்மையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "தூணுக்கு மரம் வாங்கவேண்டா. 2011ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் என் அன்னையின் வீடு பழுதுற்றது, பிரித்துவிட்டோம். அவ்வீட்டின் ஏகத் தூண் என் கொட்டகையிற் கிடக்கின்றது" என்றார். துறவியார் அவரை உள்ளே வந்து அமருமாறு கைகாட்டினார்.

அடியேன் ஊர் திரும்பி ஏறக்குறைய ஈராண்டு கழிந்தபின் என் மாணாக்கர் மகன் எழுதிய மடல் வந்தது. சாலை முற்றுப்பெற்றதென்றும், அத்தூண் வடகீழ்மூலையில் நிற்கின்றதென்றும், வெள்ளம் நின்ற கறை அதில் மார்பளவு உயரத்தில் இருந்ததென்றும் எழுதியிருந்தார். தச்சர் அதனை இழைத்து அகற்றப் புகுந்தபோது அம்மையார் தடுத்துவிட்டாராம். கறையின்மேல் எண்ணெய் மட்டும் தடவினார்கள். நாள்தோறும் விடியலில் முதலில் வருபவர் அவரே என்றும், அத்தூணருகே தாழ்வாரத்தில் அமர்கின்றார் என்றும் அம்மடல் கூறிற்று.